வினிகர் குறைத்த வருஷம்

அவருக்கு வயிற்றில் புண்.
அதனால் அந்த இலையுதிர்காலத்தில்
வினிகரைப் பாதியாக்கினேன்.
ரத்தக்கொதிப்பு வேறு,
உப்பையும் கிள்ளித்தான் போட்டேன்.
தெலாவிச் சந்தையில் வாங்கிய
குடைமிளகாய், கத்தரி, பூண்டு, மல்லித்தழை.
மூன்று தண்ணீரில் அலசினேன்.
பூண்டின் இடுக்கில் ஒரு நகக்கண் மண்
இருந்திருக்கலாம்.

பதினான்கு ஜாடிகள்.
மூடி முறுக்கும் கைப்பொறி
ஒவ்வொன்றுக்கும் கிர்ரென்றது.
கம்பளியில் சுற்றி விடியவிடிய ஆறவிட்டேன்,
பிள்ளை பெற்றவளைப் போர்த்திவைப்பதுபோல.

ஜனவரியில் ஒன்றைத் திறந்தோம்.
மூடி உப்பவில்லை, நுரை இல்லை, வாடை இல்லை.
கெட்டது நாறும் என்றுதானே நம்பி வாழ்கிறோம்.
இது ஊமை.
எனக்கு அன்று பல்வலி,
ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்று படுத்தேன்.
அவர் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்,
தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார்.

மறுநாள் மாலை ஓத்தியா சொன்னார்:
"லம்சீரா, வாசலில் இரண்டு நாய் நிற்கிறது."
எங்களிடம் இருப்பது ஒன்று.
வைன் பேசுகிறது என்று சிரித்தேன்.
அப்புறம் இமைகள் இறங்கின,
ஒன்று முன்னால், ஒன்று பின்னால்.
குடித்த தண்ணீர் மூக்கு வழியே திரும்பியது.
காய்ச்சல் இல்லை.
புத்தி மட்டும் பளிச்சென்று இருந்தது,
தன் உடம்பு ஒவ்வொரு அறையாக விளக்கணைப்பதை
உள்ளிருந்து பார்த்துக்கொண்டு.

டாக்டர் நுக்ஸார் என்ன குடித்தார் என்று கேட்கவில்லை.
"எந்த ஜாடி?" என்றார்.

மண்ணில் தூங்கும் வித்தாம் அது.
கொதிக்கிற தண்ணீரும் அதைக் கொல்லாதாம்.
காற்றில்லாத, புளிப்பில்லாத இருட்டு கிடைத்தால்
கண்விழித்து விஷம் கக்குமாம்.
காற்று புகாதிருக்கத்தானே
அத்தனை இறுக்கி முறுக்கினேன்.
அது கேட்டதும் அதைத்தான்.

குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த மருந்து
திபிலீசியிலிருந்து இரவோடிரவாக வந்தது.
இனிப் பற்றப்போகும் விஷத்தை அது தடுக்கும்,
பற்றியதை விடுவிக்காது.
மீதியை மூச்சுப்பொறி பார்த்துக்கொள்ளும்,
நாட்கள் பார்த்துக்கொள்ளும்.

"மற்ற ஜாடிகள் எங்கே?"

ஐந்தை நானே கொடுத்திருந்தேன்,
பெருமையோடு, ரிப்பன் கட்டி.
பனியில் வீடுவீடாகப் போனேன்.
கொடுத்ததைத் திருப்பிக் கேட்பவள்
இந்தத் தெருவில் நான் ஒருத்திதான்.
ஒருத்தி முகத்தைச் சுளித்தாள்.
ஒருவர் தூசியோடு அலமாரியிலிருந்து எடுத்து நீட்டினார்,
திறக்கவே இல்லை என்று கூச்சப்பட்டபடி.
அவரை வாழ்த்தினேன்.

கடைசி வீடு சியாலாவுடையது.
"அதையா? முந்தாநாளே தின்று தீர்த்தோமே."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டேன்.
அவள் பிள்ளைகள் தொலைக்காட்சி முன் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.
இமைகளைப் பார்த்தேன். நேராக இருந்தன.
"எப்படித் தின்றீர்கள்?"

அவள் தரையைப் பார்த்தாள்.
"கோபித்துக்கொள்ளாதே லம்சீரா.
உன் கத்தரிக்காய் சப்பென்று இருந்தது.
பீன்ஸ் சட்டியில் கொட்டி
அரைமணி கொதிக்கவிட்டேன்."

முப்பது வருஷச் சமையலில்
இப்படி ஒரு பழி என்மேல் விழுந்ததில்லை.
அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.
அந்த ஜாடியில் விஷம் இருந்ததா, யாருக்கும் தெரியாது.
இருந்திருந்தால் பத்து நிமிஷக் கொதிப்பில்
செத்திருக்கும் என்றார் டாக்டர்.
வித்து சாகாது,
விஷம் சாகும்.
இந்த ஒரு வரியை யாராவது
ஜாடி மூடியில் அச்சடித்திருக்கலாம்.

ஏழாவது வாரம் ஓத்தியாவின்
இடதுகைச் சுண்டுவிரல் அசைந்தது.
எனக்கு அது அறுவடை.

இந்த வருஷம் வினிகர் முழு அளவு, உப்பும்தான்.
அவர் வயிற்றுக்கு ஆகாதென்றால்
அவர் அதைத் தின்ன வேண்டாம், அவ்வளவுதான்.
வீட்டில் மூடிய எதுவும்
கொதிக்காமல் தட்டுக்கு வருவதில்லை.
அடுப்புக்கு மேலே கடிகாரம் மாட்டியிருக்கிறேன்.
அவர் அதைப் பார்ப்பதில்லை,
நாற்காலியை இழுத்துப் போட்டு
குமிழிகளையே பார்க்கிறார்.

சிலசமயம் சும்மா கேட்பேன்:
வாசலில் எத்தனை நாய்?

அவர் எழுந்து போய்
எண்ணிவிட்டு வருகிறார்.